வறண்ட கிணறு அழுத்தும் பொத்தான்

ஈஎஸ்பி32 என்ற கட்டுப்பாட்டுச் சிப்புக்கு மின்சாரம் கிடைத்ததும் அது முதலில் சொல்வது ஒரு தேதி. 2016 ஜூன் 8, 00:22:57. திருச்சுழியில் எழுந்தாலும் சிங்கப்பூரில் எழுந்தாலும் அதே தேதி, அதே வினாடி. பின்னால் வந்த திருத்திய சிப்புகள் 2019 ஜூலை 29 என்கின்றன. இதற்கு மூத்ததான ஈஎஸ்பி8266 சொல்வது 2013 ஜனவரி 8. சிப்புக்குள்ளேயே அழிக்க முடியாதபடி பதித்திருக்கும் முதல் நிரல் உருவான நேரம் அது. அந்த எண்களைத் திரையில் பார்க்கும்போதெல்லாம், நள்ளிரவு தாண்டியும் விளக்கு எரிந்த ஒரு மேசையை நினைத்துக்கொள்வேன்.

நமக்கு வேண்டியது அதற்கு அடுத்த வரியில் இருக்கிறது. எதனால் எழுந்தேன், எந்த நிலையில் எழுந்தேன் என்று சிப் அங்கே சொல்லிவிடுகிறது. பழுது என்று வந்தால் போர்டை மாற்றுகிறோம், பவர் சப்ளையை மாற்றுகிறோம், நிரலை மறுபடி ஏற்றுகிறோம். அந்த ஒரு வரியைப் படிப்பவர் குறைவு.

*

ரீசெட் விடுபடும் கணத்தில் சிப் தன் கால்களில் சிலவற்றைப் பார்க்கிறது. ஈஎஸ்பி32-ல் அவை 0, 2, 5, 12, 15. ஒவ்வொன்றிலும் மின்னழுத்தம் மேலே இருக்கிறதா, கீழே இருக்கிறதா என்பதை ஒரே ஒரு முறை குறித்துக்கொள்கிறது. அதன் பிறகு அந்தக் கால்கள் மற்றக் கால்களைப் போல எந்த வேலைக்கும் பயன்படும். அடுத்த ரீசெட் வரை அந்தக் குறிப்பு மாறாது.

0-ஆம் கால் மேலே இருந்தால் ஃபிளாஷ் மெமரியைத் திறந்து, நாம் எழுதிய நிரலை ஓட்டும். 0-ஆம் காலும் 2-ஆம் காலும் கீழே இருந்தால், சீரியல் கம்பி வழியாகப் புது நிரல் வரும் என்று உட்கார்ந்துவிடும். இதுதான் டவுன்லோடு மோடு. அதற்கு நேர வரம்பு கிடையாது. யாரும் வராவிட்டாலும் காத்திருக்கும்.

இப்படிக் காத்திருக்கும் சிப்பில் எந்தக் கோளாறும் இல்லை. எழும்போது என்ன சொல்லப்பட்டதோ அதைச் செய்துகொண்டிருக்கிறது. சொன்னது யார் என்று தேடுவதுதான் பழுது பார்ப்பவன் வேலை.

*

அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி போகும் சாலையின் இருபுறமும் கோடையில் கரிசல் வெடித்துக் கிடக்கும். வெடிப்புக்குள் கையை விட்டால் முழங்கை வரை போகும். சீமைக் கருவேலம் மட்டும் பச்சையாக நிற்கும். ஆங்காங்கே கரிமூட்டப் புகை. குண்டாற்றில் மணலும் முள்ளும்தான். ஆண்டுக்குச் சுமார் 800 மில்லிமீட்டர் மழை பெய்கிறது, அதில் பெரும்பங்கு ஐப்பசி கார்த்திகையில் கொட்டித் தீர்ந்துவிடுகிறது. கண்மாயில் நின்றது பாதி வெயிலுக்குப் போய்விடும். மானாவாரியை நம்பியவர்கள் பருத்தி, சோளம், மிளகாய், மல்லி என்று வானத்தைப் பார்த்து விதைக்கிறார்கள். கிணறு வைத்திருப்பவர்கள் மல்லிகைப்பூ போடுகிறார்கள்.

இங்கே கோடைக் கிணறு நாள் முழுவதும் தண்ணீர் தராது. காலையில் கொஞ்ச நேரம் ஓட்டினால் அடி தெரிந்துவிடும். பிறகு ஊற்று ஊற வேண்டும். ஊறியதை இறைத்து, மறுபடி விட்டு, மறுபடி இறைக்க வேண்டும். மின்சாரமும் கிணற்றைப் போலவே வந்து போவது. மின்சாரம் இருக்கும்போது தண்ணீர் ஊறியிருக்க வேண்டும், தண்ணீர் ஊறியிருக்கும்போது மின்சாரம் இருக்க வேண்டும். ராத்திரி ஒரு மணிக்கு இரண்டும் கூடி வந்தால் அந்த நேரத்தில் எழுந்து போய் மோட்டார் போட்டவர்கள்தான் இந்தப் பக்கத்து விவசாயிகள். இருட்டில் வரப்பில் பாம்பை மிதிக்கும் பயம் அவர்களுக்குப் புதிதல்ல. மோட்டாரைப் போனில் போடும் கருவி வந்தபோது அதை வசதி என்று அவர்கள் சொல்லவில்லை. உயிர்ப் பாதுகாப்பு என்றார்கள்.

அந்தக் கருவிக்குள் இருப்பதும் இப்படி ஒரு சிப்தான். பேட்டரி இல்லாத கருவியென்றால், மின்சாரம் போய் வரும் ஒவ்வொரு முறையும் அது புதிதாக எழுகிறது. நகரத்து வீட்டில் ஒரு கருவி மாதத்தில் ஓரிரு முறை எழும். தோட்டத்து மோட்டார் ரூமில் ஒரே நாளில் பல முறை எழும். எழுவதில் ஒரு தப்பு ஒளிந்திருந்தால் அது முதலில் இங்கேதான் வெளியே வரும்.

*

ஒரு மல்லிகைத் தோட்டம். கிணற்றுக்குள் ஒரு மிதவை சுவிட்ச். தண்ணீர் இறங்கி மிதவை தொங்கினால் சுவிட்ச் மூடும், கருவி மோட்டாரை நிறுத்தும். தண்ணீர் ஏறினால் திறக்கும், மோட்டார் மறுபடி ஓடும். மார்கழி, தை, மாசி மூன்று மாதமும் கருவி குறை சொல்ல முடியாதபடி ஓடியது. பங்குனியில் கெட்டது. மல்லிகைக்கு அது பூக் கொட்டும் காலம். அப்போது ஒரு தண்ணீர் தவறினாலும் மொட்டு சிறுத்துவிடும், சந்தையில் விலை போகாது.

"போன் போட்டா ரிங் போகுது தம்பி. எடுக்க மாட்டேங்குது" என்றார் தோட்டக்காரர்.

"லைட்டு எரியுதா அண்ணாச்சி?"

"செவப்பு லைட்டு எரியுது. சிம் போட்ட இடத்துல பச்சை லைட்டு மினுக்கு மினுக்குன்னு மினுக்குது. உசுரு இருக்கு, ஆனா பேச்சு மூச்சு இல்ல. எல்லாம் மத்தியானந்தான். வெயில் தாங்கல."

வெயில் என்பதில் எல்லோரும் ஒத்துப்போனார்கள். தகரக் கூரை போட்ட மோட்டார் ரூம், உள்ளே கை வைக்க முடியாத சூடு. காலையில் எழுப்பினால் எழுகிறது, மத்தியானம் எழுப்பினால் எழுவதில்லை. விற்ற கம்பெனியும் வெயில் என்றுதான் சொன்னதாம், கூரைக்கு மேல் தென்னங்கீற்று போடச் சொன்னதாம். கீற்றும் போட்டாயிற்று.

அவர் சொன்னதில் எனக்கு உறைத்தது ரிங் போகிறது என்ற செய்திதான். சிம் இருக்கும் ஜிஎஸ்எம் மாட்யூலுக்குத் தனக்கென்று ஒரு மூளை உண்டு. அது தானாகக் கோபுரத்தைத் தேடிப் பதிந்துகொண்டு, அழைப்பு வந்தால் ஒலிக்கும். எடுத்துப் பேசச் சொல்ல வேண்டியது சிப். ரிங் போகிறது, எடுக்கவில்லை என்றால் பவர் சப்ளை நன்றாக இருக்கிறது, சிக்னல் இருக்கிறது, சிப் மட்டும் தன் நிரலுக்குள் வரவில்லை. சூட்டில் பவர் சப்ளை துவண்டிருந்தால் அதிகக் கரண்ட் இழுக்கும் ஜிஎஸ்எம் மாட்யூல்தான் முதலில் விழுந்திருக்கும்.

*

போர்டைக் கழற்றிக் கடைக்குக் கொண்டுவந்தால் ஒவ்வொரு முறையும் சரியாக எழுந்தது. ஹீட்டர் காற்றில் காட்டினாலும் எழுந்தது. கொண்டுபோய் மாட்டினால் காலையில் ஓடுகிறது, மத்தியானம் படுத்துவிடுகிறது.

கடை மேசைக்கும் மோட்டார் ரூமுக்கும் என்ன வேற்றுமை? சூடு, தூசி, நீண்ட கம்பிகள், பக்கத்தில் மும்முனை ஸ்டார்ட்டர், எர்த்து. கோடையில் கரிசல் காய்ந்தால் எர்த்துக் குழியின் தடை ஏறிவிடும், அதற்காகக் குழியில் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். இவை எல்லாமே சந்தேகத்துக்கு உரியவைதான். ஆனாலும் பட்டியல் போட்டு ஒவ்வொன்றாகச் சந்தேகப்படுவதற்கு முன்னால் கேட்க வேண்டிய ஒன்று உண்டு. சிப் என்ன சொல்கிறது?

அது சொல்வதை அது படுத்திருக்கும் இடத்துக்கே போய்த்தான் கேட்க வேண்டும். மேசைக்கு எடுத்து வந்தால் அது வேறு கதை சொல்லும்.

*

கேட்கும் முறையில் ஒரு கவனம் வேண்டும். யுஎஸ்பி கேபிளை நேராகச் செருகிக் கணினியில் சீரியல் மானிட்டரைத் திறந்தால், அந்தச் செயலே சிப்பை எழுப்பிவிடலாம். டெவலப்மென்ட் போர்டுகளில் டிடிஆர், ஆர்டிஎஸ் என்ற இரண்டு கம்பிகள் இரண்டு டிரான்சிஸ்டர் வழியாக ரீசெட் காலையும் 0-ஆம் காலையும் ஆட்டும்படி அமைத்திருப்பார்கள். நிரல் ஏற்ற அது வசதி. பழுது பார்க்க வந்தவனுக்கு அது இடைஞ்சல். அந்த இரண்டு கம்பியும் ஏறி இறங்கும் வரிசை தப்பினால், சரியாக ஓடுகிற போர்டும் டவுன்லோடு மோடுக்குப் போய்விடும். பார்க்க வந்தவனே பழுதை உண்டாக்கியதாகிவிடும்.

ஆகவே இரண்டே கம்பி. ஒன்று கிரவுண்ட், மற்றது சிப் பேசும் டிஎக்ஸ். நாம் எதையும் சொல்லப் போவதில்லை, கேட்க மட்டும் வந்திருக்கிறோம். லேப்டாப் சார்ஜரில் இருக்கக் கூடாது, பேட்டரியில் இருக்க வேண்டும். பக்கத்தில் 415 வோல்ட் மூன்று பேஸ் நிற்கிறது. வேகம் 115200. ஈஎஸ்பி8266 என்றால் 74880 என்ற விநோதமான வேகம். அது தெரியாமல் வழக்கமான வேகத்தில் திறந்தவர்களுக்குக் குப்பை எழுத்துக்களே வரும், கேட்கத் தகுந்தது எதுவும் இல்லை என்று மூடிவிடுவார்கள்.

மத்தியானம், மோட்டார் ரூம். ரீசெட் பொத்தானை ஒரு முறை அழுத்தினேன். தேதி வந்தது. அடுத்த வரியில் பூட் என்ற சொல்லுக்குப் பக்கத்தில் 3. டவுன்லோடு பூட். கடைசியாக, டவுன்லோடுக்குக் காத்திருக்கிறேன் என்ற வரி. பிறகு மௌனம்.

இத்தனை நாளாக வெயிலின் மேல் போட்ட பழி அந்த மூன்று வரியில் விலகியது.

*

அந்த எண்ணைப் படிக்கத் தெரிந்துகொள்வது நல்லது. அது பதினாறின் அடிமானத்தில் எழுதிய எண். ஒவ்வொரு காலுக்கும் ஒரு பங்கு உண்டு. 5-ஆம் கால் மேலே இருந்தால் 1. 15-ஆம் கால் மேலே இருந்தால் 2. இந்த எண்ணில் மட்டும் கூடச் சேரும் 4-ஆம் காலுக்கு 4, 2-ஆம் காலுக்கு 8. 0-ஆம் காலுக்கு 16. 12-ஆம் காலுக்கு 32. கூட்டிப் பதினாறின் அடிமானத்தில் எழுதினால் நல்லபடி எழுந்த சிப் 13 என்று சொல்லும். பதினாறு ஒன்று, மேலே மூன்று. அதாவது 0, 15, 5 மூன்றும் மேலே. நான் பார்த்தது வெறும் 3. பதினாறு காணாமல் போயிருந்தது. 0-ஆம் காலை யாரோ கீழே பிடித்திருக்கிறார்கள்.

மீட்டரை வைத்தேன். 0-ஆம் காலில் பூஜ்ஜியம். டெர்மினலில் ஒவ்வொரு கம்பியாகத் தளர்த்தி எடுத்தேன். மிதவைக் கம்பியை எடுத்ததும் முள் 3.3 வோல்ட்டுக்கு ஏறியது. ரீசெட். 13. கருவியின் திரை ஒளிர்ந்தது. கம்பியை மறுபடி மாட்டி ரீசெட். 3.

"கெணத்துல தண்ணி எவ்வளவு கெடக்கு அண்ணாச்சி?"

"மத்தியானம் ஏது தண்ணி? அடி தெரியுது. சாயந்தரத்துக்கு மேலதான் ஊறும்."

காலையில் எழுந்ததும், மத்தியானம் எழாததும், மார்கழியில் ஓடியதும், பங்குனியில் படுத்ததும் எல்லாம் அந்த ஒரு பதிலில் வரிசையாக வந்து நின்றன. வெயிலும் வறட்சியும் ஒரே நேரத்தில் வருகிற ஊரில், ஒன்று செய்ததை மற்றது செய்ததாக நினைப்பது மிக எளிது.

*

மிதவையை ஏன் 0-ஆம் காலில் கட்டினார்கள்? யோசித்துப் பார்த்தால் அவர்கள் பக்கத்து நியாயமும் தெரிகிறது. டெவலப்மென்ட் போர்டில் பூட் என்று எழுதிய சிறு பொத்தான் இருக்கும். அது 0-ஆம் காலையும் கிரவுண்டையும் இணைக்கும் பொத்தான். அழுத்தாதபோது காலை மேலே இழுத்து வைக்க ஒரு ரெசிஸ்டரும் அங்கேயே இருக்கும். சுவிட்ச் ஒன்றைக் கட்ட இதைவிடத் தயாரான இடம் போர்டில் வேறு இல்லை. இரண்டு கம்பியைக் கட்டினால் போதும், நிரலில் படித்தால் சரியாகப் படிக்கும். மேசையில் மிதவையைக் கையால் தூக்கி, தாழ்த்திப் பார்த்திருப்பார்கள். மோட்டார் நின்றிருக்கும், ஓடியிருக்கும். சோதனை முடிந்தது என்று பெட்டியை மூடியிருப்பார்கள்.

மிதவை தொங்கிக்கொண்டிருக்கும்போது மின்சாரத்தை அணைத்துப் போட்டுப் பார்க்கவில்லை. அந்த ஒன்று மட்டும் விட்டுப்போயிற்று.

மிதவை அந்தப் பூட் பொத்தானுக்கு இணையாகக் கட்டப்பட்டிருக்கிறது. ஆகவே மத்தியானம் மின்சாரம் போய் வரும்போதெல்லாம் வறண்ட கிணறுதான் அந்தப் பொத்தானை அழுத்திக்கொண்டிருந்தது. சிப் கீழ்ப்படிந்தது. சாயங்காலம் ஊற்று ஊறி மிதவை எழும்பிப் பொத்தானை விட்டாலும், எழும் கணம் கடந்துபோய்விட்டதால் சிப்புக்கு அது தெரியாது. இரவெல்லாம் கிணற்றில் தண்ணீர் கிடக்கும், மும்முனை மின்சாரம் இருக்கும், பூச்செடி வாடிக்கொண்டிருக்கும், கருவி மட்டும் வராத நிரலுக்குக் காத்துக்கொண்டிருக்கும். தண்ணீர் அதிகம் தேவைப்படும் காலத்தில் மட்டும் கெடும் கருவி.

இது எனக்குக் கோபமூட்டியது. வறட்சி நிலத்துக்கென்று விற்கும் கருவி வறட்சியில் நின்றால் என்ன ஆகும் என்று சோதிக்கப்படாமலே இங்கு வந்து சேர்கிறது. பணம் கொடுத்தவர் வெயிலை நொந்துகொண்டு கீற்று மாற்றிக்கொண்டிருக்கிறார்.

*

திருச்சுழியில் திருமேனிநாதர் கோயிலுக்குப் பக்கத்தில் சுந்தர மந்திரம் என்ற வீடு இருக்கிறது. 1879 டிசம்பர் 30, ஆருத்ரா தரிசன நாள் அதிகாலையில் அங்கே பிறந்த வேங்கடராமன்தான் பிற்காலத்து ரமண மகரிஷி. வேலை முடிந்து அந்த வழியாகத் திரும்பும்போது உள்ளே போய்க் கொஞ்சம் உட்காருவேன். 1902 வாக்கில் சிவப்பிரகாசம் பிள்ளையின் கேள்விகளுக்கு அவர் அளித்த விடைகளிலிருந்து பிறந்தது 'நான் யார்?' என்ற சிறு நூல். மனதில் எழும் எண்ணங்களில் எது முதலில் எழுகிறது என்று பார்க்கச் சொல்கிறது அது. மற்ற எண்ணங்கள் எல்லாம் அந்த முதல் எண்ணம் எழுந்த பிறகே எழுகின்றன என்கிறது.

ஒரு போர்டைப் பழுது பார்ப்பதை அந்த விசாரணையோடு சமமாக வைக்க நான் துணிய மாட்டேன். ஆனால் அந்த வீட்டில் உட்கார்ந்திருக்கும்போது என் வேலையில் ஒரு வரிசை தெளிந்தது. இரண்டாவது, மூன்றாவது, பத்தாவது நடப்பதையெல்லாம் சரிபார்த்துக்கொண்டிருப்பவனுக்கு முதலில் நடந்தது பிடிபடாது. திரை ஏன் வரவில்லை, ரிலே ஏன் இழுக்கவில்லை, போனை ஏன் எடுக்கவில்லை என்ற கேள்விகள் எல்லாம் பின்னால் எழுந்தவை. எழும் கணத்தில் என்ன இருந்தது என்ற கேள்வி அவற்றுக்கெல்லாம் முந்தியது.

*

மாற்றியது இவ்வளவுதான். மிதவைக் கம்பியை 0-ஆம் காலிலிருந்து எடுத்து 33-ஆம் காலுக்குக் கொண்டுபோனேன். எழும்போது சிப் பார்க்காத கால் அது. 34 முதல் 39 வரையுள்ள கால்களும் சும்மா இருந்தன, ஆனால் அவற்றுக்கு உள்ளே மேலிழுக்கும் ரெசிஸ்டர் கிடையாது, உள்ளீட்டுக்கு மட்டுமே ஆகும். 33-க்கும் வெளியே தனியாக 10 கிலோஓம் வைத்தேன். உள்ளே இருப்பது பலவீனமானது.

கிணற்றுக்குள் இறங்கும் நீண்ட கம்பி நேராகச் சிப்பைத் தொடக் கூடாது என்று நடுவில் பிசி817 ஆப்டோகப்ளர் ஒன்று. இடி மின்னல் காலத்தில் கம்பி எதை வாங்கி வந்தாலும் அந்தப் பக்கமே நிற்கட்டும்.

மிதவையையும் திருப்பினேன். தண்ணீர் இருந்தால் மூடும், வற்றினால் திறக்கும். முன்பிருந்த அமைப்பில் எலி கம்பியைக் கடித்தால், தண்ணீர் இருக்கிறது என்றே கருவி நினைக்கும், வறண்ட கிணற்றில் மோட்டார் ஓடிப் புகையும். இப்போது கம்பி அறுந்தாலும் மோட்டார் நிற்கும். முதலிலேயே இப்படித் திருப்பிக் கட்டியிருந்தால் தண்ணீர் இருக்கும் கிணற்றில் கருவி முதல் நாளே எழாமல் போயிருக்கும், தப்பு அன்றே தெரிந்திருக்கும் என்பதையும் நினைத்துப் பார்த்தேன்.

மிதவையைத் தொங்கவிட்டு மெயினை அணைத்துப் போட்டேன். 13. தூக்கிப் பிடித்து அணைத்துப் போட்டேன். 13. கம்பியைக் கழற்றி அணைத்துப் போட்டேன். 13.

*

0-ஆம் கால் மட்டும்தான் இப்படி என்றில்லை. ஈஎஸ்பி32-ல் 12-ஆம் கால் இன்னும் குழப்பும். எழும்போது அது மேலே இருந்தால், ஃபிளாஷ் மெமரிக்கு 1.8 வோல்ட் போதும் என்று சிப் முடிவெடுத்துவிடும். 3.3 வோல்ட் கேட்கும் மெமரி பட்டினியில் வாய் திறக்காது. பூட் எண் 33 என்று வரும், பிறகு ஃபிளாஷைப் படிக்க முடியவில்லை என்ற வரி திரும்பத் திரும்ப ஓடும். ரிலே போர்டின் மேலிழுக்கும் ரெசிஸ்டர் ஒன்றே இதைச் செய்யப் போதும். இதைச் சிப்புக்குள் உருகியை எரித்து நிரந்தரமாகச் சரிசெய்ய வழி உண்டு, ஆனால் எரித்ததைத் திரும்பப் பெற முடியாது. கம்பியை வேறு காலுக்கு மாற்றுவதே நல்லது.

எஸ்டிஎம்32 வகையில் பூட்0 என்ற கால். புளூ பில் போர்டில் அதற்கு ஒரு மஞ்சள் ஜம்பர். நிரல் ஏற்ற 1-க்கு மாற்றுவார்கள், ஏற்றியதும் நிரல் ஓடும், எல்லாம் சரி என்று ஜம்பரை அப்படியே விட்டுவிடுவார்கள். அடுத்த முறை மின்சாரம் போய் வந்தால் சிப் பூட்லோடரில் நிற்கும். பூட்0 எங்கும் கட்டாமல் மிதந்தால் இன்னும் மோசம், ஒரு நாள் எழும், ஒரு நாள் எழாது. ராஸ்பெர்ரி பை பிக்கோவில் பூட்செல் பொத்தான், அதை அழுத்தியபடி எழுப்பினால் கணினியில் ஒரு டிரைவாகத் தெரியும். சிப்புக்குச் சிப் பெயர் மாறுகிறது, எழும் கணத்தில் ஒரு காலைப் பார்க்கும் வழக்கம் மாறவில்லை.

சோலாரில் ஓடும் கருவிகளுக்கு விடியற்காலம் சோதனைக் காலம். பக்கத்துக் கமுதியில் 648 மெகாவாட் சூரிய மின் நிலையம் 2016-லிருந்து நிற்கிறது. அதைப் பார்த்துத் தோட்டங்களிலும் சிறு பேனல்களை வைத்துக் கருவி ஓட்டுகிறார்கள். பேட்டரி இறங்கிப்போன இரவுக்குப் பிறகு, பொழுது புலரப் புலர மின்னழுத்தம் மெல்ல மெல்ல ஏறும். சிப் எழப் பார்த்து விழும், மறுபடி எழப் பார்த்து விழும். ரீசெட் காலில் வைக்கும் 10 கிலோஓமும் 1 மைக்ரோஃபாரடும் சட்டென்று ஏறும் மின்சாரத்துக்குப் போதுமானவை. மெல்ல ஏறும் மின்சாரத்துக்கு, மின்னழுத்தம் நிலைக்கும் வரை ரீசெட்டைப் பிடித்து வைத்திருக்கும் தனி ஐசி ஒன்று வேண்டும். விலை சில ரூபாய்தான்.

*

கோயம்புத்தூரிலும் பெங்களூருவிலும் உட்கார்ந்து இந்த நிலத்துக்குக் கருவி செய்கிறவர்களிடம் கேட்பது இவை. எழும்போது சிப் பார்க்கும் கால்களில் வெளிக் கம்பி எதையும் கட்டாதீர்கள். வேறு கால் இல்லை என்றால் பெரிய சிப்பாகப் போடுங்கள். டிஎக்ஸ், கிரவுண்ட் இரண்டையும் பெட்டிக்கு வெளியே ஒரு சின்ன டெர்மினலில் கொண்டுவந்து விடுங்கள், எங்களைப் போன்றவர்கள் பெட்டியை உடைக்காமல் சிப் சொல்வதைக் கேட்க முடியும். விற்பதற்கு முன் ஒவ்வொரு சுவிட்சையும் மூடியும் திறந்தும் வைத்து, ஒவ்வொரு நிலையிலும் மின்சாரத்தை அணைத்துப் போட்டுப் பாருங்கள். முடிந்தால் பங்குனியில் ஒரு நாள், மத்தியானத்தில், தண்ணீர் இல்லாத கிணற்றடிக்கு வந்து பாருங்கள்.

தோட்டக்காரர்களுக்கும் ஒன்று. கருவி எழவில்லை என்றால், அந்த நேரத்தில் கிணற்றில் தண்ணீர் எவ்வளவு, டேங்க் நிறைந்திருந்ததா, எந்த மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது என்பதை ஒரு தாளில் எழுதி வையுங்கள். பழுது பார்க்க வருபவர் கேட்காவிட்டாலும் அதை அவரிடம் கொடுங்கள்.